கிண்ணியாவில் நாற்பது சஹன்



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் வலீமாவுக்காக அண்மையில் கிண்ணியா சென்று வந்தேன். கண்டியில் ஏறிய பஸ் ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலையை அடைந்தபோது அஸர் நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சீனன்குடாவில் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. அருகே பெரிய மாவாலை. கப்பலில் வந்திறங்கும் கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் போகிறது. வெள்ளைமணல் தாண்டியதும் கடலின் மேல் பாலம்.

சவூதி நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2009 அக்டோபரில் திறக்கப்பட்ட இப்பாலத்தின் நீளம் 396 மீட்டர். அதற்கு முன் ‘பாதை’ என்னும் மிதவையில்தான் கடக்க வேண்டும். "கலியாணத்துக்கு அரிசி மூட்டையும் ஆடும் நாங்களும் ஒண்டாத்தான் துறையில காத்துக் கிடப்போம் மௌலவி" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். இன்று சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். பாதை எளிதாகிவிட்டது, கலியாணம்தான் கடினமாகிவிட்டது.

ஒரு மாதத்துக்கு முன் மாணவரின் தாயார் தொலைபேசியில் பேசினார். கணவரை இழந்தவர். "நகரத்து மண்டபத்தில் அறுநூறு பேருக்கு வைக்கச் சொல்றாங்க மௌலவி. சின்ன மகளுக்கு வெச்சிருக்கிற வளையலை அடகு வெச்சாத்தான் முடியும். என்ன செய்ய?" என்று கேட்டார்.

நான் ஹதீஸைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொன்னேன். என் வலீமாவுக்காக என் உம்மா அடகு வைத்த வளையல்கள் திரும்பி வரவேயில்லை. அது எனக்குத் தெரிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. வீண்விரயம் கூடாதென்று மிம்பரில் பேசிய நான், சொந்த வீட்டுக் கணக்கைக் கேட்கவில்லை. "ராத்தா, என் உம்மா செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்" என்றேன்.

பிறகுதான் ஹதீஸுக்கு வந்தேன். ஸைனப் (ரலி) அவர்களை மணமுடித்தபோது நபி (ஸல்) அவர்கள் ஆடு அறுத்து விருந்தளித்தார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தபோது ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல்விரிப்பில் பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய், அவ்வளவுதான். இரண்டுமே வலீமாதான். வசதிக்கேற்பச் செய்வதே சுன்னத். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே கெட்ட உணவு என்ற எச்சரிக்கையும் நமக்கு உண்டு.

அந்தத் தாயார் துணிந்து முடிவெடுத்தார். வீட்டு முற்றத்திலேயே பந்தல். நாற்பது சஹன், சஹனுக்கு ஆறு பேர், ஆக 240 பேர். சஹனுக்கு ஒரு கிலோ அரிசி என்று சமையல்காரர் கணக்கிட்டார். 2022இல் எரிவாயு கிடைக்காத நாட்களில் மூட்டிய விறகடுப்பே கிடாரங்களுக்கும் போதுமாயிற்று. அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களும் தயங்காமல் உட்கார வேண்டுமென்று மாட்டிறைச்சியைத் தவிர்த்துக் கோழியும் ஆடும் வைத்தார்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்குத் தனி அடுப்பு, தனி அகப்பை. போத்தல் பானங்களுக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாறும் கசகசா போட்ட சர்பத்தும். கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பெண்களே வட்டிலப்பம் அவித்து, ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

இரவே சமைத்து மூடிவைக்கும் வழக்கத்தையும் விட்டார்கள். சூட்டோடு மூடிக்கிடக்கும் சோறும் இறைச்சியும் வெப்பமான ஊரில் விரைவில் கெட்டுவிடும். சுப்ஹுத் தொழுத பின் அடுப்பு மூட்டி, லுஹருக்குப் பின் பரிமாறினார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். சமைத்த பெண்கள் கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடுவதுதானே நம் வீடுகளின் வழக்கம்? அன்று முதல் எட்டு சஹன்கள் பெண்கள் பகுதிக்குச் சென்றன.

கடைசிப் பந்தியில் சோதனை வந்தது. மீன்பிடித்துவிட்டு நேரம் கழித்து வந்த தோணிக்காரர்கள் முப்பத்தைந்து பேர். எஞ்சியிருந்ததோ ஐந்து சஹன். தாயாரின் முகம் வாடிவிட்டது. "மண்டபத்தில வெச்சிருந்தா இந்தக் குறை வருமா?" என்று ஓர் உறவுக்காரர் முணுமுணுத்தார். மண்டபமாக இருந்தால் அவர்களுக்கு அழைப்பே போயிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியைச் சொல்லி, சஹனுக்கு ஏழு பேராக உட்கார வைத்தோம். நானும் பரிமாறினேன். எல்லாரும் வயிறார உண்டார்கள். கொட்டுவதற்கு ஒரு கவளமும் மிஞ்சவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

புறப்படும்போது அந்த வீட்டுச் சின்ன மகள் ஒரு தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். அவள் கையில் அந்த வளையல்கள் இருந்தன.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் வலீமாப் பேச்சு எழும்போது, மண்டபம் எது என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது? யாரை விட்டுவிட்டோம்? இவ்விரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்தாலும் அது பரக்கத்தான விருந்துதான். நம் விருந்துகள் அனைத்தையும் கடனில்லாத விருந்துகளாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.