வெறுங்கழுத்து

ஆஸ்டினில் என் பால்கனிக்கு இரண்டு வகை ஹம்மிங் பறவைகள் வரும். ரூபி-த்ரோட்டட், பிளாக்-சின்ட். செங்கழுத்து, கருந்தாடை என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து குப்பியில் தொங்கவிட்டால் போதும், வந்துவிடும். முதல் படத்தை அனுப்பியபோது அம்மா, "நம்மூர் தேன்சிட்டுதானடி" என்றாள். இல்லை, இது வேறு குடும்பம். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து தேன் குடிக்கும். இது காற்றில் நின்றபடியே குடிக்கும்.

ஆண்களைப் பிரித்தறிவதில் சிரமமில்லை. வெயில் சரியாகப் பட்டால் ஒன்றின் கழுத்து மாணிக்கமாக எரியும். மற்றதற்குத் தாடை கருப்பு, அதன் கீழே ஊதாப் பட்டை. பெண்களுக்குக் கழுத்தில் ஒன்றும் கிடையாது. வெளிறிய வெள்ளை. நான் வாங்கிய கையேட்டில் ஆணுக்குத் தனிப் படம் இருந்தது. "பெண் / இளம் பறவை" என்று மற்ற எல்லாரையும் ஒரே படத்தில் அடைத்திருந்தார்கள். கூடு கட்டுவதும், சிலந்தி நூலால் அதை இறுக்குவதும், இரண்டு முட்டைகளை அடைகாப்பதும், குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் அவள் ஒருத்திதான். ஆண் எதிலும் சேர்த்தியில்லை. இனத்தின் பெயர் மட்டும் அவன் கழுத்தைப் பார்த்து வைத்தது.

எனக்கு இது உறைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2016-இல் எச்-4 விசாவில் வந்தவள் நான். கணவரைச் சார்ந்திருப்பவள் என்பதுதான் அதன் பொருள். பிறகு மாணவர் விசாவுக்கு மாறி, படித்து, வேலை தேடி, பிரிந்து வந்தேன். தாலியைக் கழற்றிய பிறகு பொங்கல் விழாவுக்குப் போனால், பேச வருகிற பெண்களின் கண் முதலில் என் கழுத்துக்குப் போகும், அப்புறம்தான் முகத்துக்கு. அம்மா போனில் சொன்னாள்: "சொந்தக்காரங்க குரூப்ல போட்டோ போடுறதா இருந்தா கழுத்துல ஒரு செயினாவது போட்டுக்கடி." அன்று அவளோடு சண்டை போட்டுப் போனை வைத்தேன்.

பழைய கேமரா ஒன்றை வாங்கி, சிறகு உறைந்து நிற்கிற படங்களாக எடுத்துத் தள்ளினேன். அழகாக இருந்தன, எதற்கும் உதவவில்லை. கழுத்தை விட்டுவிட்டு இறக்கையைப் பார்க்க வேண்டும் என்பது பிந்தித்தான் புரிந்தது. அதுவும் பறவை உட்கார்ந்து இறக்கையை மடக்கியிருக்கும்போது, வெளி ஓரத்துக் கடைசி இறகின் நுனியை. கருந்தாடைக்கு அது அகலமாக, மழுங்கி, வளைந்திருக்கும். செங்கழுத்துக்குக் குறுகலாக, நேராக முடியும். உச்சந்தலை செங்கழுத்துக்குப் பச்சை, கருந்தாடைக்குச் சாம்பல் கலந்தது. நிழலில் எடுத்த படத்தில் இதை நம்பிவிடக் கூடாது. கருந்தாடைக்கு அலகு சற்று நீளம். இந்தச் 'சற்றை' வைத்துக்கொண்டு நான் ஏமாந்தது பல தடவை. கருந்தாடை தேன் குடிக்கும்போது வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் படத்தில் அது விழாது என்பதால் வீடியோவும் எடுக்க ஆரம்பித்தேன்.

இப்படித் தேடிப் படிக்கும்போதுதான் பனாமாவில் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது, 2021-இல் வெளியானது. ஒயிட்-நெக்டு ஜாக்கபின் என்ற வகையில் வளர்ந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஆணின் பளபளக்கும் நீலத் தலையோடும் வெள்ளை வாலோடும் இருக்கிறது. அந்தக் கோலத்தில் இருக்கிற பெண்களை மற்றவை அவ்வளவாகத் துரத்துவதில்லை. குப்பியில் அதிக நேரம் குடிக்க முடிகிறது. படித்ததும் அம்மா சொன்ன செயின் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் அதே தெருவில் இருந்தவள். எவளைத் துரத்துவார்கள், எவளை விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கோபம் பாதி போய்விட்டது. செயின் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

ஈபேர்டில் பதியும்போது தீர்மானிக்க முடியாத பறவைக்கு இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டுக் கொடுக்க வழி இருக்கிறது. முன்பெல்லாம் ஊகத்திலேயே கருந்தாடை என்று போட்டுவிடுவேன். இப்போது நுனி தெரியாவிட்டால் சாய்கோடுதான். போன செப்டம்பரில் எடுத்த 63 வெறுங்கழுத்துப் படங்களில் 11-க்குத்தான் பெயர் கொடுத்தேன். இளம் ஆண்களும் அதில் இருந்திருக்கும்.

மிச்சத்தில் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது.

"இது எதுடி, அதுவா, இதுவா?"

"தெரியலம்மா. இறக்கை நுனி மறைஞ்சிருக்கு."

"அது திரும்பி உக்கார்ற வரைக்கும் இருந்து எடுத்திருக்கலாம்ல," என்றாள்.