தஃப்தர்களும் ஒரு கோப்புப் பரிமாற்ற சர்வரும்

எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் தஃப்தர்களை ஸ்கேன் செய்யும் பணி இரண்டு மாதங்களாக நடைபெற்று வருகிறது. தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டன. சில பக்கங்களில் எல்லாம் மங்கிப்போய், மஹர் தொகை எழுதிய இடம் மட்டும் எப்படியோ தெளிவாக நிற்கிறது. ஏ4 அளவுள்ள பக்கத்தை 300 டிபிஐ தரத்தில், வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 எம்பி ஆகிறது. 200 பக்கத் தஃப்தர் ஒன்று 5 ஜிபியைத் தாண்டிவிடும். இவற்றை, பக்கத்து மதரஸா கட்டடத்தில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் சகோதரர்களின் கணினிக்கு அனுப்பியாக வேண்டும்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பென் டிரைவோ யாருடைய சட்டைப்பையிலாவது வீடுவரை போய்வரும். அந்த ஏடுகளில் மணமக்களின் பெயர்கள் மட்டுமா இருக்கின்றன? தலாக், குலா விவரங்களும் ஓரக்குறிப்புகளாக உள்ளன. ஒரு குடும்பம் மறக்க விரும்பும் செய்தி அது. ஜமாஅத்திடம் அமானத்தாக இருப்பது. ஆகவே அலுவலகக் கணினியிலேயே எஃப்டிபி சர்வர் ஒன்றை அமைக்க முடிவு செய்தோம்.

எஃப்டிபி மிகப் பழைய நெறிமுறை. கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். கணினிகளை ஒருவரையொருவர் நம்பியவர்கள் பயன்படுத்திய காலம் அது. அதனால்தான் பழைய முறையில் கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே கம்பியில் செல்கிறது. அதே வலைப்பின்னலில் ஒட்டுக்கேட்கும் மென்பொருள் இருந்தால் படித்துவிடும்.

ஃபைல்ஸில்லா சர்வரை நிறுவுவது சில நிமிட வேலை. அலுவலகக் கணினியின் உள்வலை முகவரி மாறாதிருக்க ரூட்டரில் நிலைப்படுத்தினோம். கணினி தானாக உறங்கிப்போவதையும் நிறுத்தினோம். டிஎல்எஸ் மறையாக்கம் இன்றி எவரும் நுழைய முடியாது என்று வைத்தோம். இங்கேதான் நேரம் பிடித்தது. எஃப்டிபி இரண்டு இணைப்புகளால் இயங்குகிறது: 21ஆம் போர்ட்டில் கட்டளைகள், வேறொரு போர்ட்டில் கோப்புகள். மறையாக்கம் வந்தபின் அந்தப் பேச்சு விண்டோஸ் ஃபயர்வாலுக்குப் புரிவதில்லை. எந்தக் கதவைத் திறப்பது என்று அது அறியாது. கடவுச்சொல் ஏற்கப்படும், கோப்புறைப் பட்டியல் மட்டும் வராது. பாஸிவ் முறைக்கு 50000 முதல் 50100 வரை ஒதுக்கி, அதே எண்களை ஃபயர்வாலிலும் திறந்தபோது பட்டியல் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

முதல் இணைப்பில் சான்றிதழின் கைரேகை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி எச்சரிக்கை தோன்றும். பலர் படிக்காமலே 'சரி' அழுத்துவார்கள். இங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் வாசிக்க, அங்கே ஒருவர் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பொதுக் கணக்கு என ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். ஸ்கேன் கோப்புறையைப் படிக்க மட்டுமே அனுமதி. பெயர்ப்பட்டியல் கோப்புறையில் மட்டும் எழுதலாம். யார், எப்போது, எந்தக் கோப்பை எடுத்தார் என்பது பதிவாகிறது. தங்களை நம்பவில்லையா என்று ஒரு சகோதரர் வருந்தினார். பதிவேடு அவரையும் காக்கும் என்றோம். ஏதேனும் வெளியே கசிந்தால் முதலில் சந்தேகிக்கப்படுபவர் அவர்தானே. 100 எம்பிபிஎஸ் கேபிளில் ஒரு முழுத் தஃப்தர் ஏழெட்டு நிமிடங்களில் சென்றுவிடுகிறது.

பின்னர் ஓர் ஆலோசனை எழுந்தது. வளைகுடாவில் வாழும் மஹல்லாவாசிகள் தங்கள் நிக்காஹ் பக்கத்தை அங்கிருந்தே பார்க்க, ரூட்டரில் வழிதிறந்து சர்வரை இணையத்தில் விட்டால் என்ன? அவர்களது தேவை உண்மையானது. மனைவியை அழைத்துச் செல்ல ஆவணம் கேட்கிறார்கள். ஆயினும் நாங்கள் மறுத்தோம். இணையத்துக்குத் திறந்த 21ஆம் போர்ட்டைத் தானியங்கி நிரல்கள் தேடிவந்து கடவுச்சொற்களை முயன்றுகொண்டே இருக்கும். ஒருவரது பக்கத்துக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பக்கங்களை வாசலில் வைக்க எங்களுக்கு உரிமையில்லை.

துபாயிலிருந்து கேட்டிருந்த சகோதரருக்கு, அவருடைய வாப்பாவை அலுவலகத்துக்கு வரவழைத்து, கையொப்பம் பெற்றுக்கொண்டு, அந்த ஒரு பக்கத்தின் நகலை மட்டும் முத்திரையிட்டுக் கொடுத்தோம்.