வானொலித் தோழியாருக்கு விடை

ஒருவர் உயிரோடிருக்கும்வரை அவருடைய அருமையைப் பற்றி வாய் திறவாமலிருந்து, அவர் கண் மூடியதும் இரங்கற் கூட்டம் கூட்டிக் கண்ணீர் வடிப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். புகழப்படுகிறவரின் செவிக்கு எட்டாத புகழால் யாருக்கு என்ன பயன்? கல்லுக்குப் பாலூற்றுவது மூடத்தனமென்று எழுதியும் பேசியும் வருகிற நாம், செத்தவர் காதில் தேனூற்றும் இவ்வழக்கத்தை மட்டும் எவ்விதம் ஒப்புக்கொள்வது? ஆகவேதான், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மோடு ஒரே மேசையில் அமர்ந்து வானொலி நிகழ்ச்சி நடத்தி, சென்ற மாதம் ஓய்வு பெற்று ஈப்போவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட தோழியாரைப் பற்றி, அவர் படிக்கக்கூடிய காலத்திலேயே இதை எழுதத் துணிந்தோம். இதில் பாராட்டு மட்டுமன்று. நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொள்வதும் உண்டு.

அவர் தம் பெயரை வெளியிட இசையவில்லை. "குரலை அறிந்தவர்களுக்குப் பெயர் வேண்டியதில்லை, குரலை அறியாதவர்களுக்குப் பெயரால் பயனுமில்லை" என்பது அவர் வாதம். அதை மறுக்க இயலாமையால், தோழியார் என்றே இங்கு குறிப்பிடுகிறோம்.

தோழியார் நிலையத்துக்கு வந்தது 1993ஆம் ஆண்டில். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால்மரம் சீவியவர்கள். தோட்டத்துக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மலாயா வானொலி நிறுவப்பட்டபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம் பெற்றது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது, தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் வைத்துக் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகளை அரசாங்கமே வழங்கிற்று. அரசாங்கத்தின் நோக்கம் தன் பிரசாரம். தொழிலாளர் நாடியதோ தம் தாய்மொழி. தோழியாரின் பாட்டியார் அத்தகைய பெட்டியொன்றின் முன் மண் தரையில் அமர்ந்து கேட்டவர். தாயாரோ அந்தியில் அடுப்பங்கரையில் இருந்தபடியே, பக்கத்து வீட்டு வானொலிக்குச் சுவரோரம் காது கொடுத்தவர். இவ்விருவரின் செவியையும் தம் குரலுக்குள் வைத்துக்கொண்டே தோழியார் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தார்.

நாமோ மேடைப் பேச்சில் பழகியவர். வாயைத் திறந்தால் திடலின் கடைசி வரிசை கேட்க வேண்டுமென்பது நம் பழக்கம். முதல் வாரத்திலேயே அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, நீங்க ஆயிரம் பேருக்குப் பேசுறீங்க. ஆனா கேக்கிறது சமையல்கட்டுல தனியா நிக்கிற ஒரு அம்மா." வயதிலும் பணியிலும் இளையவர் இவ்வளவு சொல்லலாமா என்று அன்று நம் மனம் சுருங்கியதை மறைப்பானேன்? ஆனால் மறுநாள் முதல் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். நம்மை வானொலிக்காரராக்கியது அந்த ஒரு வார்த்தைதான்.

அக்காலத்தில் ஒலிப்பதிவெல்லாம் கால் அங்குல அகலமுள்ள நாடாவில். அது நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓடும். பேச்சில் பிழை நேர்ந்தால், அவ்விடத்தைக் காதால் தேடிப் பிடித்து, பென்சிலால் குறியிட்டு, சவர அலகால் சாய்வாக வெட்டி, மீண்டும் ஒட்ட வேண்டும். அரை நொடி நேரத் திக்கல் ஏறத்தாழ நான்கு அங்குல நாடாவாகும். நம் திக்கல்களையும், 'வந்து, வந்து' என்னும் இழுப்புகளையும் தோழியாரே பொறுமையோடு வெட்டி நீக்கினார். தங்கு தடையற்ற பேச்சு என்று நேயர்கள் நம்மைப் பாராட்டிக் கடிதம் எழுதினர். அத்தடைகளெல்லாம் அவர் காலடியிலிருந்த குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்ததை நாம் ஒருவரே அறிவோம். அதற்காக ஒரு நாளேனும் நன்றி கூறினோமா என்றால், கூறியதாக நினைவில்லை.

நேரடி ஒலிபரப்பின் வழி வேறு. சிவப்பு விளக்கு எரியும்போது இருவர் தம்முள் பேசிக்கொள்ள முடியாது. கையே வாய், கண்ணே செவி. விரலைச் சுழற்றினால் 'முடித்துவிடுங்கள்'. இரு கைகளையும் அகற்றி இழுத்தால் 'இன்னும் நீட்டுங்கள்'. மணிக்கட்டைத் தட்டினால் 'நேரமாயிற்று'. தொண்டையைத் தொட்டால் 'இருமல் வருகிறது, நீங்கள் பேசுங்கள்'. இம்மொழியை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை, இருவருமாக ஆக்கிக்கொண்டது. அவரிடம் இன்னொரு சைகையும் இருந்தது. வலது உள்ளங்கையைச் சற்றே உயர்த்துவார். 'நீங்கள் தொடருங்கள்' என்பதே அதன் பொருளென்று கொண்டு, உடனே நாம் பேசத் தொடங்குவோம்.

ஓர் ஆணும் பெண்ணும் நாள்தோறும் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்தால், நம் சமூகத்துக்கு உறக்கம் வராது. அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டவர் எத்தனையோ பேர். கணவன் மனைவியா என்று கடிதம் எழுதிக் கேட்டவரும் உண்டு. 'ஐயா' என்பது பின்னர் 'அண்ணே' என்றாயிற்று. நாமும் 'தங்கச்சி' என்றோம். அது அன்பினால் வந்த சொல்தான் எனினும், ஊர்வாய்க்குப் போட்ட வேலியும் அதுவே என்பதை இருவரும் அறிவோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தோழமை என்னும் உறவைத் தமிழ் அறியாததன்று. தமிழர்தாம் அதை ஏற்க அஞ்சுகின்றனர்.

நம் வாழ்க்கைத் துணைவியார் இத்தகைய பேச்சுகளைப் பொருட்படுத்தியதில்லை. அவர் கவனித்தது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வீட்டில் நிகழ்ச்சியைக் கேட்டிருந்துவிட்டு, "அந்த அம்மா ஆரம்பிக்கிற பேச்சை எல்லாம் நீங்களே முடிச்சு வைக்கிறீங்களே, ஏன்?" என்றார். நாம் சிரித்து, "அவரே கைகாட்டி நம்மை அழைக்கிறார்" என்றோம். துணைவியார் மறுமொழி கூறவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெண் குரலுக்காக வாதாடியவர்களில் நாமும் ஒருவர். பெண்ணின் குரல் வானொலிக்கு ஏற்றதன்று என்னும் பொய், வானொலி தோன்றிய காலத்திலேயே பிறந்தது. 1933இல் இலண்டன் பி.பி.சி. ஷீலா பாரட் என்னும் அம்மையாரை அறிவிப்பாளராக அமர்த்தி, நேயர் பலர் எதிர்த்தனர் என்று சில மாதங்களிலேயே அப்பணியிலிருந்து விலக்கிற்று. உண்மை யாதெனில், மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி குறுகியது. ஆதலால் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் நறுக்கப்பட்டுவிடும். சகரம் போன்ற உரசொலிகள் ஆண் குரலைவிடப் பெண் குரலில் உயர்ந்த அதிர்வில் எழுவதால், வெட்டு அவற்றின்மேல் அதிகமாக விழும். குறை கருவியினுடையது, பழியோ பெண்ணின் தொண்டைமேல்! இதை நாம் கூட்டங்களில் எடுத்துச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறோம்.

இனி நம் குற்றத்துக்கு வருவோம்.

தோழியார் விடைபெறுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவரிடத்துக்கு வரவிருந்த இளம்பெண், சைகைகளைக் கற்றுக்கொள்ள விரும்பினாள். தோழியார் அவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அத்தாள் மேசைமீது கிடக்க, நாமும் எடுத்துப் படித்தோம். ஐந்தாம் வரியில் இவ்வாறு எழுதியிருந்தது: 'வலது உள்ளங்கையை உயர்த்தினால்: பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.'

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை அக்கை உயர்ந்திருக்கும்! பொறுங்கள் என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும், அதையே அனுமதியாகக் கொண்டு அவர் பேச்சின்மேல் நம் பேச்சை ஏற்றியிருக்கிறோம். அன்று மாலை பழைய பதிவுகள் சிலவற்றைப் போட்டுக் கேட்டோம். பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு நம்முடையது. முதல் வணக்கமும் இறுதி விடையும் எப்பொழுதும் நம்முடையவை. பிறந்தநாள் வாழ்த்தும் சமையற் குறிப்பும் அவருடையவை.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதை நாம் மேடைதோறும் எடுத்துரைத்தவர். 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை அளித்தது என்று பெருமை பேசியவர். சொத்தில் பாதி தரச் சொல்லிப் பிறர்க்கு உபதேசித்த நாம், நம் கைக்குள்ளிருந்த ஒரு மணி நேரத்தில் பாதியைக் கொடுத்தோமில்லை. ஊரைத் திருத்துவது எளிது. ஒலிவாங்கியைச் சற்று நகர்த்துவதே அரிது.

மறுநாள் தேநீர் வேளையில் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தோழியார் சிரித்தார். "முதல் வருசம் சொல்லணும்னு நினைச்சேன், அண்ணே. நீங்க மூத்தவங்க. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "சொல்லியிருக்கணும். அது என் தப்பு. அதனாலதான் அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தேன்" என்றார். தவறு நம்முடையதாயிருக்க, அதில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்ணை இவ்வாறு பழக்கியிருப்பதும் நாம்தானே என்று எண்ணித் தலை குனிந்தோம்.

இறுதி ஒலிபரப்பு நாள் வந்தது. முதல் வணக்கம் அவர் கூறினார். ஐம்பதாம் நிமிடத்தில், ஒரு நேயரின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் இடையில் நின்று, வலது உள்ளங்கையை உயர்த்தினார். நாம் வாயை இறுக மூடிக்கொண்டோம். வானொலிக்காரனுக்கு மௌனத்தைப்போல் அஞ்சத்தக்கது வேறில்லை. ஐந்து நொடி, பத்து நொடி. கண்ணாடிக்கு அப்பாலிருந்த பொறியாளர் நம்மைப் பேசும்படி கைகாட்டினார். நாம் தலையை அசைத்து மறுத்தோம்.

பின்னர் தோழியார் பேசினார். சுவரோரம் நின்று பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்ட தம் தாயாரைப் பற்றிப் பேசினார். தமக்கு வேலை கிடைத்த பின் அத்தாயாருக்கு ஒரு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்ததையும், அவர் அதைச் சுவரோரமே வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கத் திருப்பி வைத்ததையும் சொன்னார். "இத்தனை வருசமா நான் அந்தச் சுவருக்குத்தான் பேசினேன். வணக்கம்" என்று முடித்தார். அவ்வளவே. முப்பது ஆண்டுகளில் அந்நிலையத்திலிருந்து அதற்கீடான பேச்சொன்றை நாம் கேட்டதில்லை. அதை எத்தனை நாள், எத்தனை முறை, நம் குரலால் மூடியிருப்போமோ!

சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் காதணிக் கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன், அண்ணே" என்றார். "போய் வாருங்கள், தோழர்" என்றோம். அச்சொல்லை அவரிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இப்பொழுது அவர் நாற்காலியில் அந்த இளம்பெண் அமர்கிறாள். முதல் வணக்கம் அவளுடையது. தாளை மேசையில் நம் பக்கமாகவே ஒட்டி வைத்திருக்கிறோம். சென்ற வாரம் அவள் உள்ளங்கை உயர்ந்தது. பழக்கத்தால் நம் வாயும் திறந்தது. ஐந்தாம் வரியைப் பார்த்து மூடிக்கொண்டோம். ஈப்போவில் சுவரோரம் ஒரு வானொலி அதைக் கேட்டிருக்குமென்று நம்புகிறோம்.