நான்கு தந்திகளும் ஓர் எர்த் கம்பியும்

மெல்லிசைக் கச்சேரி முடிந்ததும் பாடகரைச் சூழ்ந்து நின்று பாராட்டும் அன்பர்களில் யாரேனும் ஒருவர் நம்மிடம் வந்து, "உங்கள் கிதார் மட்டும் ஏன் இவ்வளவு நீளம்? அதன் சத்தம் கேட்கவே இல்லையே!" என்று வினவுவது வழக்கமாகிவிட்டது. கேட்கவில்லை என்பது ஒருவகையில் மெய்யே. பேஸ் கிதாரின் நாதம் காதுக்கு எட்டுமுன் காலுக்கு எட்டிவிடும். நாற்காலியில் இருப்பவர் தம்மையறியாமல் பாதத்தை அசைப்பாரேயானால், அங்கே நமது வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்க.

பகலில் நாம் மும்பையில் ரெயில்வே பார்சல் காரியாலயக் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. விடுமுறை நாட்களிலும், பொங்கல், விநாயகர் சதுர்த்திக் காலங்களிலும் செம்பூர், தாராவி, முலுண்டு முதலிய இடங்களின் தமிழ் விழா மேடைகளில் பேஸ் வாசிக்கிறோம். பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

இவ்வாத்தியத்தின் சரித்திரம் மிக நீண்டதன்று. ஆளுயரமுள்ள டபிள் பேஸைச் சுமந்து அலைந்தவர்களுக்கு மாற்றாக, 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் தோளில் மாட்டக்கூடிய மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையிலுள்ளது போல் மெட்டுகள் பதித்திருந்தமையால் ஸ்வரம் துல்லியமாக விழுந்தது; அதனாலேயே அதற்குப் ‘பிரிஸிஷன்’ என்று பெயர். நம்மவர்க்கு உதாரணம் வேண்டுமாயின், 1982-ல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். இளையராஜா அவர்கள் பாட்டின் அடியில் பேஸுக்கென்று தனி வழியே அமைத்திருக்கிறார். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் அவ்வழி முக்காலும் மறைந்துபோம்.

சங்கத்துப் பிள்ளைகள் நம்மிடம் முதலில் கேட்பது விலையைத்தான். விலையுயர்ந்த வாத்தியம் கெட்டது என்று நாம் சொல்லோம். ஆயினும், மோட்டவுன் கம்பெனியின் எண்ணிறந்த இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன், ஃபெண்டர் பேஸை வைத்துக்கொண்டு, வலக்கையின் ஒரு விரலாலேயே பெரும்பாலும் மீட்டினார். தந்தியை மாற்றுவதையும் அவர் விரும்பியதில்லை. நமக்கு அந்த வைராக்கியம் கிடையாது. மும்பைக் கடற்காற்றிலும் கைவியர்வையிலும் தந்தி மங்கிவிடுகிறது. புதிய செட் வாங்கச் சம்பளம் இடங்கொடாத மாதங்களில் அதைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து, நன்றாக உலர்த்திப் பூட்டுவோம். ஒலி சில நாட்களுக்குத் தெளிந்து நிற்கும். எந்தப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தோம் என்பது வீட்டில் தெரிந்த நாள் முதல், இதற்கென்று தனிப் பாத்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உள்ளே பேட்டரி வைத்து இயங்கும் பேஸ்களும் உண்டு. நாம் அவற்றை நாடுவதில்லை. பேட்டரி தீர்வதற்குப் பல்லவியென்றும் சரணமென்றும் தெரியாது. ஆம்ப்ளிஃபயரையும் நாம் சுமப்பதில்லை. ‘உடையும் பொருள்’ என்று எழுதிய பெட்டிகள் எவ்வாறு இறக்கப்படுகின்றன என்பதை அன்றாடம் பார்க்கிறவர்கள் நாம். லோக்கல் ரயில் நெரிசலில் வாத்தியப் பை ஒன்றே போதும். அப்பையில் சொந்த கேபிள் இரண்டு, டி.ஐ. பெட்டி ஒன்று, மின்சார டெஸ்டர் ஒன்று.

மேடையில் புதியவர்கள் செய்வது, ஒலி தெளிவில்லை என்றதும் பேஸ் குமிழை முழுதும் திருகுவது. தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; அவ்வொலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். கான்கிரீட் மண்டபத்தில் அது மூலைகளில் தேங்கி முழங்குமேயன்றித் தெளியாது. அடியொலியைச் சற்றுக் குறைத்து நடுவொலியை ஏற்றுக. ஸ்வரம் தானே வெளிவரும். பிறகு கண்ணை டிரம்ஸ்காரரின் வலக்காலில் வைக்கவேண்டும். அக்கால் பெடலை மிதிக்கும் கணமும் நமது விரல் விழும் கணமும் ஒன்றானால் பாட்டு நிற்கும். எத்தனை ஸ்வரம் வாசித்தோம் என்பதை எவரும் எண்ணப்போவதில்லை.

டெஸ்டர் எதற்கு என்று கேட்பீர்கள். 2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவொன்றில் மைதானத்துப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் விடாத ரீங்காரம். ஒலியமைப்பாளரின் ஆள், மிக்ஸர் பிளக்கிலிருந்த எர்த் பின்னைக் கழற்றிவிட்டுச் சொருகினார். ரீங்காரம் அடங்கியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாம் மைக்கின் வலையில் டெஸ்டரை வைத்தோம். விளக்கு எரிந்தது.

கிதாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் இழந்த மைக்கில் மின்சாரம் கசிந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்தவரின் உடம்பே அதற்கு வழியாகிவிடும். 1972-ல் இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள ஸ்வான்ஸீ நகர மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். அன்று நமது மேடையில் முதலில் மைக்கைப் பிடிக்க நின்றவன் பத்து வயதுச் சிறுவன், ஈரமண்ணில் வெறுங்கால்.

"எர்த் கொடுக்காமல் யாரும் மைக்கைத் தொடக்கூடாது, ஐயா" என்றோம். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, பத்து மணிக்கு மைக்கை அணைத்தாகவேண்டும். சனம் காத்திருக்கிறதே!" என்றார். அவர் சொன்னதும் சட்டப்படி சரியே. 2000-ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் திறந்தவெளிக்கு அவ்வாறே சொல்கின்றன. முன்வரிசையில் ஒருவர், "வாசிக்கத் தெரியாதவர் சாக்குச் சொல்கிறார்" என்றார். நாம் பேஸைப் பைக்குள் வைத்துவிட்டோம்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று பின் பிளக் வந்தது, எர்த் கம்பி சேர்ந்தது, டெஸ்டர் எரியவில்லை. மீண்டும் எழுந்த ரீங்காரத்தை, டி.ஐ. பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் அடக்கிற்று. அது ஒலிக் கம்பியின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. விலை அற்பம். விழா நடத்தும் சங்கங்கள் ஒலியமைப்பாளரிடம் இப்பெட்டியையும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் முன்னதாகவே கேட்டு வாங்கலாம்.

அன்று ஏழு பாட்டுகள் விடுபட்டன. சிறுவனின் பாட்டும் அவற்றுள் ஒன்று. அவன் ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தான், அழுதுகொண்டே வீடு சென்றான். மறுவாரம் செயலாளர் நம்மை அழைத்து, அடுத்த விழாவில் அவன் பாட்டே முதற் பாட்டு என்று நிகழ்ச்சி நிரலில் தம் கையாலேயே எழுதிக் காட்டினார்.