இரண்டு கையெழுத்து

எழுபதைத் தாண்டியவர் விவாகரத்தைப் பற்றி எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், சர்க்கரையும் பிரஷரும் விசாரித்து முடித்தபிறகு தாழ்ந்த குரலில் பேசுவது இதைத்தான். பேத்திக்கு, தங்கை மகனுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. "சண்டை சச்சரவு இல்லாம முடிச்சுக்க வழி இருக்கா?" என்கிறார்கள். இருக்கிறது. என் தம்பி மகள் விஷயத்தில் கூடவே இருந்து பார்த்தேன்.

அதற்கு முன் பழைய கதை ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். 'சைகோன் அத்தை' என்றுதான் கூப்பிடுவோம். கணவர் ரெனோன்சான் குடும்பம். 1881-ம் ஆண்டு ஆணைப்படி சாதி வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களை அப்படிச் சொல்வோம். மேரியில் கையெழுத்துப் போட்டு நடந்த கல்யாணம். அவர் சைகோனுக்கு வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கடிதமும் பணமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றன. அங்கே வேறு குடும்பம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அத்தை சாகும்வரை காகிதத்தில் அவருக்கு மனைவிதான்.

பெரியவனாகிப் பிரெஞ்சுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத்தில் கணவனும் மனைவியும் சம்மதித்துப் பிரிய இடம் இருந்தது. 1816-ல் விவாகரத்தையே ஒழித்துவிட்டார்கள். 1884-ல் திரும்ப வந்தபோது, ஒருவர்மேல் மற்றவர் குற்றத்தை நிரூபித்தால்தான் உண்டு என்றார்கள். சைகோனில் நடந்ததற்குக் காரைக்காலில் உட்கார்ந்திருக்கும் பெண் எங்கே சாட்சி தேடுவாள்? பிரான்சிலேயே, சமாதானமாகப் பிரிய நினைத்தவர்கள்கூட ஒருவரையொருவர் திட்டிப் பொய்க் கடிதம் எழுதிக் கோர்ட்டில் காட்டிய காலம் அது. இருவர் சம்மதம் போதும் என்பது அங்கே 1975-ல்தான் திரும்பி வந்தது. 2017 முதல் அநேகமாக நீதிபதியிடமே போக வேண்டாம். ஆளுக்கொரு வக்கீல் வைத்து உடன்படிக்கை எழுதி, நொத்தேரிடம் பதிந்தால் முடிந்தது.

நம் நாட்டில் இந்து திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. பரஸ்பர சம்மதத்துக்கான 13-பி பிரிவு 1976-ல் சேர்ந்தது. (நம் யூனியன் பிரதேசத்து ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.) கிறிஸ்தவர்களுக்கு இதே வழி 2001-ல் திறந்தது. முஸ்லிம்களிடம் 'முபாரா' என்று முன்பிருந்தே உண்டு. கிராமங்களில் பஞ்சாயத்து கூடி அத்துவிடும் வழக்கமும் நாம் அறிந்ததுதான்.

தம்பி மகளுக்குக் கல்யாணமாகி மூன்று ஆண்டு. குழந்தை இல்லை. ஒன்றரை ஆண்டாகத் தனித்தனியே இருந்தார்கள். தம்பி தெரிந்த ஒருவரிடம் யோசனை கேட்டான். "வரதட்சணைக் கொடுமைன்னு ஒரு புகார் கொடுங்க, தானா வழிக்கு வருவாங்க" என்றாராம். தம்பி அரை மனதாகத் தலையாட்டிவிட்டு வந்தான். அவள் என்னிடம் வந்து, "பெரியப்பா, அவர் என்னை ஒரு நாளும் கை நீட்டினதில்ல, ஒரு பவுன் கேட்டதில்ல. எங்களுக்கு ஒத்து வரல, அவ்வளவுதான். பொய் சொல்லித்தான் பிரியணும்னா நான் இப்படியே இருந்துடறேன்" என்றாள். எனக்குச் சைகோன் அத்தைதான் கண்முன் வந்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போனேன். ஒரு மாலை முழுக்க நகைப் பட்டியலும் பாத்திரப் பட்டியலும் எழுதினோம். கிளம்பும்போது அந்த அம்மாள் காபி கொடுத்தார். யாருக்கும் குடிக்க முடியவில்லை, ஆனாலும் குடித்தோம்.

கல்யாணம் இங்கே நடந்ததால் காரைக்காலிலேயே மனு போட்டார்கள். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய ஒத்துக்கொண்டோம் என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அதன்பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி வந்து இருவரும் அதையே உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்தை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் பெண் அதைக் கேட்கவில்லை. "அம்மாவுக்கு மனசு ஆறணும்" என்றாள். தீர்ப்பு வரும்வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991-ம் ஆண்டுத் தீர்ப்பு. அது அவள் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது வாய்தாவுக்கு முதல் நாள் ராத்திரி, "இன்னும் ஒண்ணும் ஆயிடலடி" என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பெண்ணும் அழுதாள். காலையில் கோர்ட்டுக்குப் போய் நீதிபதி கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாள்.

வருஷா வருஷம் மாங்கனித் திருவிழா பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். மாம்பழ அற்புதத்தைக் கண்டு பயந்த பரமதத்தன் மனைவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பின்னாளில் காலில் விழுந்து வணங்கினான், பிறந்த பெண்ணுக்கும் அவர் பெயரையே வைத்தான். ஆனால் வாணிபத்துக்கு என்று கப்பல் ஏறினவன், திரும்பி வரமாட்டேன் என்பதைப் புனிதவதியாரிடம் சொல்லவில்லை. பாண்டிநாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவரோ இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிரிவைவிடச் சொல்லாமல் விட்டு வைப்பதுதான் பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றும். எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டு, இருவரும் கையெழுத்துப் போடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது.

கேட்பவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் குறிப்புகள்: நகை, பணம், குழந்தை இருந்தால் யாரிடம் வளரும், யார் எப்போது பார்க்கலாம் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒருவர்மேல் ஒருவர் போட்ட புகார் இருந்தால் அதற்கும் முடிவு எழுதுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். பேங்க், எல்.ஐ.சி., பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி பெயரை உடனே மாற்றுங்கள். முக்கியமாக, பெண்ணோ பையனோ மிரட்டலுக்குப் பயந்து சம்மதிக்கவில்லை என்பதைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

நகல் வந்ததும் நான்தான் முதலில் வாங்கிப் படித்தேன். சர்வீஸ் முழுக்க லீவுக்குக் காரணம், தாமதத்துக்குக் காரணம், கடனுக்குக் காரணம் என்று எழுதியே கழித்தவன். இதில் இரண்டு பெயர், ஒரு தேதி, பரஸ்பர சம்மதத்தின் பேரில் என்ற வார்த்தைகள். யார்மேல் குற்றம் என்று எங்கும் இல்லை. மடித்து அவள் கையில் கொடுத்தேன்.