விருந்தாளிகளை விரட்டிப் படம் எடுக்கலாமா?



நம் நாட்டில் குளிர்காலம் என ஒன்றில்லை. ஆயினும் செப்டம்பர் தொடங்கி மார்ச்சு வரை வடதிசைக் குளிரின் செய்தி நம் கரைக்கு வந்து சேர்கிறது. அதைக் கொண்டுவருபவை சின்னஞ்சிறு பறவைகள். வட ஆசிய நிலங்களைப் பனி மூடும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கிள்ளான், கோலசிலாங்கூர் வட்டாரச் சேற்றுக் கரைகளை நாடி வருகின்றன. தகைவிலான்கள் நகரத்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. பழுப்புக் கீச்சானைத் திடலோர வேலியிலும் காணலாம்.

விடுமுறை நாள்களில் புகைப்படக் கருவியுடன் அக்கரைகளுக்குச் செல்வது என் வழக்கம். ஒரு டிசம்பர் மாதத்தில் அங்கே கண்ட காட்சி மனத்தை உறுத்தியது. கடல்நீர் ஏறியிருந்த வேளை. திட்டு ஒன்றில் ஒடுங்கி நின்ற பறவைக் கூட்டத்தை நோக்கி ஒருவர் பலமாகக் கைதட்டினார். பறவைகள் கலைந்து எழுந்தன. அவருடைய நண்பர்கள் படம்பிடித்தனர். கூட்டம் வட்டமிட்டு மீண்டும் அமர்ந்தது. மறுபடியும் கைதட்டல். மூன்றாம் முறை, உடன் வந்திருந்த அவருடைய மகனே கைதட்டினான். பத்து வயதிருக்கும்.

அருகில் சென்று, பறவைகள் இளைப்பாறட்டுமே என்றேன். “பறக்கத்தானே சார் இறக்கை?” என்று அவர் சிரித்தார்.

நியாயமான கேள்விதான். விடையும் உண்டு. நீர் வற்றும்போது சேற்றிலுள்ள புழுக்களையும் சிறு நண்டுகளையும் உண்பதும், நீர் ஏறும்போது ஓய்வெடுப்பதும் கரைப்பறவைகளின் வாழ்க்கைமுறை. உண்டது கொழுப்பாகச் சேர்ந்தால்தான் அவை ஊர் திரும்ப முடியும். செங்கழுத்து உள்ளானின் எடை சுமார் 30 கிராம்தான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, ஆஸ்திரேலியா வரை செல்லும் இனம் அது. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதன் வழிச்செலவிலிருந்து நாம் களவாடுகிறோம்.

இத்துறையில் நம் மண்ணுக்கே ஒரு முன்னோடி உண்டு. 1915இல் கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ, கேத்தே திரைப்பட நிறுவனத்தின் தலைவர். பறவைப் படக்கலையிலும் புகழ்பெற்றவர். இந்தியப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நண்பர். 1957இல் தம் பறவை அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் மறைந்தார். மறைவிடத்தில் அமர்ந்து பொறுமையாகக் காத்திருப்பதே அக்காலப் படக்கலைஞர்களின் வழி. கூட்டருகே சென்று படமெடுக்கும் அன்றைய வழக்கத்தை இன்று தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் காத்திருத்தலுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு இதைக் கற்பிப்பது எளிது. நீர் ஏறத் தொடங்கும் முன்பே கரையோரம் தாழ அமரச் செய்யுங்கள். நீர் ஏற ஏறப் பறவைகள் மேய்ந்தவாறே தாமே அருகில் வரும். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்று பொருள். கூட்டமே எழுந்து பறந்தால் நாம் எல்லை மீறிவிட்டோம்.

முதல் நாள் புகைப்படக் கருவி வேண்டாம். தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் போதும். எத்தனை பறவைகள் ஒற்றைக் காலில் உறங்குகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். உறங்கும் பறவையை எண்ணிப் பழகிய பிள்ளைக்கு அதை எழுப்ப மனம் வராது.

பள்ளித் திடலில் கீச்சான் வந்து அமர்ந்திருந்தால் எனக்கும் எழுதுங்கள்.