வரவேற்பு இல்லாமல் வந்த கப்பல்கள்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த சண்டை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் அமெரிக்க விமானத்தின் பின்னால் ஜனங்கள் ஓடிய காணொளியை யாரோ மறுபடியும் போட்டார்கள். "1990-இல் நாமும் இலங்கையில் இதைத்தானே செய்தோம்" என்று ஒருவன் எழுதினான். "நம் ராணுவத்தை அவமானப்படுத்தியது சென்னைதான்" என்று இன்னொருவன். "அது தமிழனைக் கொன்ற ராணுவம்" என்று மூன்றாவது ஆள். ராத்திரி பதினோரு மணிக்குள் நாற்பது செய்தி. அட்மின் குழுவையே பூட்டி வைத்துவிட்டார். நான்கைந்து பேர் தனியாக, "டீச்சர், நீங்க அப்ப இங்கதானே இருந்தீங்க, சொல்லுங்க" என்றார்கள்.

இங்கேதான் இருந்தேன். நீங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தீர்கள். உங்கள் வரலாற்றுப் புத்தகம் 1947-இல் கொடியேற்றியதோடு முடிந்துவிட்டது, அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது.

முதலில், அந்த நாள் அடையாறு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எண்பதுகளில் நம் இந்திரா நகரில் விடுதலைப் புலிகளின் அலுவலகம் இருந்தது. ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, காய்கறிக்காரருக்குக்கூடத் தெரியும். 1982 மே மாதம் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் பட்டப்பகலில் சுட்டுக்கொண்டார்கள். அப்போதே அந்தச் சண்டை நம் தெருவுக்கு வந்துவிட்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எந்த வீட்டுத் திண்ணையிலும் ஈழம்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நிதி திரட்டினோம். குழந்தைகள் நாலணா, எட்டணா கொண்டுவந்து கொடுத்தார்கள். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்கள் போட்டபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்த மாதம், ஜூலை 29-ஆம் தேதி, ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதிப்படை போயிற்று. யாழ்ப்பாணத்தில் நம் சிப்பாய்களுக்கு மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். செப்டம்பரில் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போனார். அக்டோபர் முதல் வாரம், பிடிபட்ட புலிகள் பன்னிரண்டு பேர் பலாலியில் சயனைடு கடித்து இறந்தார்கள். பத்தாம் தேதி சண்டை ஆரம்பம். மாலை போட்டதற்கும் துப்பாக்கி தூக்கியதற்கும் நடுவில் எண்பது நாள்கூட இல்லை பாருங்கள்.

அந்த அக்டோபரில் நடந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் அது கட்சிப் பேச்சாகிவிடும். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒரே ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படை சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் நடந்தது என்பது ராணுவத்தின் விளக்கம். தப்பியவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். சீருடையில் இருந்த டாக்டரும் நர்சும் செத்ததற்கு எந்த விளக்கமும் எனக்குப் போதவில்லை.

என் வகுப்பில் அப்போது இரண்டு பெண்கள் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். பெயர் வேண்டாம், இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள், இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பெண். 1984-இல் அம்மாவோடும் தம்பியோடும் வந்து பெசன்ட் நகரில் வாடகைக்கு இருந்தவள். அவளுடைய பெரியம்மா அந்த அக்டோபரில் ஷெல் விழுந்து இறந்தார். யார் அடித்த ஷெல் என்று அவள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னொருத்தியின் அப்பா ராணுவத்தில் ஹவில்தார், சிக்னல் பிரிவு. 1988-இல் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். ரேடியோவில் இலங்கைச் செய்தி என்றாலே அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிடும். பெஞ்சை மாற்றிவிடட்டுமா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். அவர்களாகக் கேட்காத வரை வேண்டாம் என்றேன். அவர்கள் கேட்கவே இல்லை.

இனி, திரும்பி வந்த கதை.

1989 ஜனவரியில் பிரேமதாசா இலங்கை ஜனாதிபதி ஆனார். தெற்கே ஜே.வி.பி.க்காரர்கள் இந்தியப் படை இருப்பதையே சாக்காக வைத்து ஊரைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் புலிகளோடு பேச உட்கார்ந்தார். ஜூன் முதல் தேதி ஒரு கூட்டத்தில், ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். இந்தியப் படையோடு சண்டை போடப் புலிகளுக்கு இலங்கை அரசே ஆயுதம் கொடுத்தது. யாரை அடக்க இந்தியாவைக் கூப்பிட்டார்களோ அவர்களுக்கே ஆயுதம்! அந்தப் பக்கம் தமிழர் கட்சிகளில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இந்தியாவை நம்பி வடகிழக்கு மாகாண ஆட்சியில் உட்கார்ந்திருந்தது. வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். படை போய்விட்டால் தங்கள் கதி என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றை அவசர அவசரமாகக் கட்டினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான். அந்த ராணுவத்துக்கு ஆள் எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? டியூஷன் போய்விட்டு வரும் பையனை ரோட்டில் மறித்து வண்டியில் ஏற்றினார்கள். பதினைந்து, பதினாறு வயது. சில வாரப் பயிற்சி, கையில் ஒரு துப்பாக்கி. இந்தியப் படை ஒவ்வொரு முகாமாகக் காலி செய்ய, பின்னாலேயே புலிகள் வந்தார்கள். அந்தப் பையன்கள் சிதறி ஓடினார்கள், சரணடைந்தார்கள், நிறையப் பேர் கொல்லப்பட்டார்கள். கொழும்பிலும் டெல்லியிலும் யாரும் அவர்களுக்காகக் கூட்டம் போடவில்லை. சென்னையிலும் போடவில்லை, அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான் என்றாலும். காபூல் காணொளியில் விமானத்தைப் பிடித்துத் தொங்கியவர்களைப் பார்த்தபோது எனக்கு மட்டக்களப்புப் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தொங்குவதற்கு விமானம்கூட இல்லை.

1990 மார்ச் முதல் தேதி வரதராஜப் பெருமாள் தனி ஈழப் பிரகடனம் செய்துவிட்டு, சில நாளில் இந்தியாவுக்கு வந்துவிட்டார். அவருடைய கட்சிக்காரர்கள் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இடம் கொடுக்க மனம் இல்லை, ஒரு பகுதியினரை ஒரிசாவுக்கு அனுப்பினார்கள். தமிழுக்காகச் சண்டை போட்டதாகச் சொன்னவர்கள் மொழி தெரியாத ஊரில் போய் இறங்கினார்கள். மார்ச் 24-ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல்கள் புறப்பட்டன. தளபதி கல்கத் தலைமையில் வந்த அந்தப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள்.

முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வரும் படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். நாடு முழுக்கக் கொந்தளிப்பு. வடக்கே பத்திரிகைகள் தேசத்துரோகம் என்கிற அளவுக்கு எழுதின. இங்கே டீக்கடையில் கேட்டால் "பெரியவர் செய்தது சரி" என்றவர்கள் நிறைய. ஐ.பி.கே.எஃப். என்ற நான்கு எழுத்துக்கு "அப்பாவி மக்களைக் கொல்லும் படை" என்று விரிவு சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையே இரண்டாகப் பிரிந்தது. மதியச் சாப்பாட்டை மூன்று நாள் தனித்தனியாகச் சாப்பிட்டோம் என்றால் நம்புவீர்களா? வத்தக்குழம்பு பரிமாறிக்கொள்ளாத ஒரே வாரம் அது.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததற்கு வருத்தப்பட ஒரு முதலமைச்சருக்கு முழு உரிமை உண்டு. அதைச் சட்டமன்றத்தில் சொல்லலாம், பிரதமர் வி.பி.சிங்கிடம் சொல்லலாம். அவர் கூட்டணிக்காரர்தானே, தேசிய முன்னணி இதே சென்னையில்தானே 1988-இல் தொடங்கியது. படையை அனுப்பியது டெல்லி, எந்த இலக்கும் தெளிவாகச் சொல்லாமல் அனுப்பியது டெல்லி. கணக்கை அங்கே கேட்டிருக்க வேண்டும். கப்பலிலிருந்து இறங்கிய ஹவில்தாரிடம் கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை, அன்றும் படவில்லை. இதைச் சொன்னதற்காக ஒரு சக ஆசிரியர் என்னோடு பல மாதம் பேசவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் வந்தார். சீருடையைப் பார்த்ததும், "எத்தனை தமிழச்சியைக் கெடுத்துட்டு வர்றே?" என்று ஆட்டோக்காரர் கேட்டிருக்கிறார். அவர் திண்டிவனம் பக்கத்துத் தமிழர். ஒன்றும் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு இறங்கினாராம். அதற்குப் பிறகு அவர் ரிட்டயர் ஆகும் வரை ஊரில் சீருடை போட்டுப் பார்த்ததில்லை என்று மகள் சொல்கிறாள்.

மறுநாள் அவள் வகுப்புக்கு மிலிட்டரி கேன்டீன் சாக்லேட் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் நீட்டினாள். அவள் வாங்கினாள், ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினாள். அது வெகுநாள் அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. நான் கேட்கவில்லை, மற்றவளும் கேட்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தார்கள்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படை போன மூன்றாவது மாதமே புலிகளுக்கும் பிரேமதாசாவுக்கும் தேன்நிலவு முடிந்தது. ஜூன் 11 வாக்கில் கிழக்கில் சரணடைந்த போலீஸ்காரர்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஜூன் 19 அன்று நம் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் பத்மநாபாவும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் சாவகாசமாகத் தப்பிப் போனார்கள். இந்தப் பட்டினத்தில் அந்த நாள் முதல்தான் பயம் வந்தது. அகதிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கினார்கள். 1991 ஜனவரி 30 தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் திரும்பப் பிரதமரானால் மறுபடியும் படையை அனுப்புவார் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அடையாறில் அன்று இரவு ஷட்டர்கள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 1993 மே தினத்தன்று பிரேமதாசாவும் புலிகளின் குண்டுக்கே போனார்.

குழுவில் ஒரு பிள்ளை, "அதனால் இந்தியாவுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் பல்லாயிரம் இலங்கைச் சிப்பாய்கள் மாட்டிக்கொண்டார்கள். கொழும்பு டெல்லியிடம் உதவி கேட்டது. ராணுவ ரீதியாக எதுவும் செய்ய மாட்டோம் என்று வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது. சூடு கண்ட பூனை. கொழும்பு பாகிஸ்தானிடம் ராக்கெட் ஏவும் கருவிகள் வாங்கியது, இஸ்ரேலோடு உறவைப் புதுப்பித்தது, பிறகு சீனாவிடம் போனது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போனதற்கு அமைதிப்படைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அது கடன் கதை. ஆனால் இந்தியா இனி கைகொடுக்காது என்று இலங்கையும், இந்தியாவை நம்பக்கூடாது என்று ஈழத்தமிழரும் ஒரே சமயத்தில் முடிவு கட்டியது 1990-இல்தான். எதிரும் புதிருமான இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம்!

நினைவுச் சின்னத்தையும் சொல்ல வேண்டும். இறந்த நம் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டி, கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயில் 2008-இல் நினைவிடம் திறந்தது இலங்கை அரசு. நம் ஊரில், டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019-இல் வந்த பிறகுதான் அவர்கள் பெயரும் அங்கே ஏறியது. சென்னையில் எனக்குத் தெரிந்த அடையாளம் சாலிகிராமத்து பரமேஸ்வரன் விகார் குடியிருப்பு. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். நம் பரங்கிமலையில் பயிற்சி முடித்துப் போனவர். ஆற்காடு ரோட்டில் தினம் பஸ்ஸில் போகிறவர்களிடம் கேளுங்கள், யார் அந்தப் பரமேஸ்வரன் என்று.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது டொரண்டோவில் இருக்கிறாள், ஒருத்தி தாம்பரத்தில். தாம்பரத்துப் பெண்ணின் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருஷம் டொரண்டோக்காரி லீவில் வந்தபோது அவரைப் போய்ப் பார்த்தாள். திருகோணமலையில் எந்தத் தெருவில் முகாம், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று அவர் விவரம் சொல்லிக்கொண்டே போனாராம். இவளுடைய அம்மாவின் ஊர் அதுதான். அந்தக் கடையை இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அட்மினுக்கு ஒரு வேண்டுகோள்: குழுவைத் திறந்துவிடுங்கள். உங்களில் யாருடைய அப்பாவோ சித்தப்பாவோ அந்தப் படையில் போயிருந்தால், கடுதாசி, போட்டோ ஏதாவது இருந்தால், கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். அந்தப் பக்கம் இருந்து வந்த பிள்ளைகளும் போடுங்கள். கெட்ட வார்த்தை எழுதினால் பழையபடி பெஞ்ச் மேல் ஏற்றுவேன்.

உங்கள் டீச்சர்,
அடையாறு